நாற்பது ஆண்டு அமைதி: லோடி உடன்படிக்கையின் வரலாறு

தில்லியில் வாழும் தமிழர்களுக்கு லோதி என்னும் பெயர் பழக்கமானது. லோதி சாலையும் லோதி தோட்டமும் அவர்கள் அன்றாடம் வழங்கும் பெயர்கள். 1451ஆம் ஆண்டில் தில்லி அரியணை ஏறிய பஹ்லூல் லோதியின் மரபினரை அவை நினைவூட்டுகின்றன. நாம் இங்கே சொல்லப் புகுவது அந்த லோதியைப் பற்றியன்று. பஹ்லூல் அரசேறிய மூன்றாண்டுகளுக்குப் பின், இத்தாலியின் வடபகுதியில், மிலான் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், அட்டா என்னும் ஆற்றின் கரையிலுள்ள லோடி என்ற சிறு நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாள் 1454 ஏப்ரல் 9. இரு பெயர்களுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதே. ஆனால் அந்த லோடியின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

உலக வரலாற்றில் உடன்படிக்கைகளுக்குக் குறைவில்லை. அவற்றுட் பல எழுதிய ஆண்டிலேயே மீறப்பட்டவை. லோடியில் பிறந்த அமைதியோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நின்றது. இடையிடையே பூசல்கள் நேர்ந்தன. ஆயினும் அதில் கலந்துகொண்ட பேரரசுகளில் ஒன்றும் மற்றொன்றை விழுங்கிவிடவில்லை. இத்தனைக்கும் அவற்றை ஆண்டவர்கள் ஒருவரை ஒருவர் சிறிதும் நம்பாதவர்கள். நம்பிக்கை இல்லாதவரிடையே அமைதி எப்படி வந்தது, எதனால் நிலைத்தது, எதனால் குலைந்தது என்பவற்றை முறையே காண்போம்.

இன்று இத்தாலி ஒரே நாடு. அந்த ஒருமை 1861ஆம் ஆண்டில்தான் உருவாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நிலப்பரப்பில் ஐந்து பெரிய அரசுகள் இருந்தன. வடக்கே மிலான், அது கோமகன் ஒருவரின் ஆட்சிக்கு உட்பட்டது. வடகிழக்கில், கடலை ஒட்டி வெனிஸ். அது செல்வ வணிகர்களின் குடியரசு. நடுவே பிளாரென்ஸ், பெயரளவில் குடியரசாயினும், மெடிசி என்னும் வங்கித் தொழிற் குடும்பத்தின் சொல்லே அங்குச் செல்லும். அதற்குத் தெற்கே, ரோமாபுரியைத் தலைநகராகக் கொண்டு போப்பாண்டவர் ஆண்ட நாடு. தென்கோடியில் நேபிள்ஸ் முடியரசு. இவ்வைந்தின் இடையிடையே சிற்றரசுகள் பல கிடந்தன. இன்று ஒரு பேரரசின் நிழலிலும் நாளை மற்றொன்றின் நிழலிலும் ஒதுங்கிப் பிழைப்பது அவற்றின் வழக்கம்.

இவ்வரசுகள் போரிட்ட முறையும் தனிப்பட்டது. பெரும்பாலும் அவை தம் குடிமக்களைப் படையில் சேர்க்கவில்லை. கூலிப்படைத் தலைவர்களை அமர்த்திக்கொண்டன. அத்தலைவனை இத்தாலியர் 'கொந்தொத்தியேரே' என்று அழைத்தனர். ஒப்பந்தம் எனப் பொருள்படும் ஒரு சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. இத்தனை குதிரை வீரர், இத்தனை மாதம், இவ்வளவு ஊதியம் என்று எழுதிக்கொண்டு அவன் போருக்குச் செல்வான். ஒப்பந்தம் முடிந்தால் எதிரியிடமே வேலைக்குச் சேர்வதும் உண்டு. போர் நின்றால் அவனுக்குப் பிழைப்பில்லை. போர் நீண்டால் நகரத்தின் கருவூலம் வற்றும். 1427ஆம் ஆண்டில் பிளாரென்ஸ் தன் குடிமக்களின் வீடுவாசல், நிலபுலன், கடன், குடும்பத்தினர் எண்ணிக்கை ஆகியவற்றையெல்லாம் கணக்கெடுத்துப் புதிய வரி விதித்தது. மிலானோடு நடந்த போருக்குப் பணம் தேட வேண்டியிருந்ததே அதற்குக் காரணம்.

இத்தகைய கூலிப்படைத் தலைவர்களுள் தலைசிறந்தவர் பிரான்செஸ்கோ ஸ்போர்ஸா. 1401இல் பிறந்தவர். தந்தையும் அதே தொழிலினர். மிலான், பிளாரென்ஸ், வெனிஸ், போப்பாண்டவர் என்று பலரிடமும் பணியாற்றிய அவர், 1441இல் மிலான் கோமகனின் ஒரே மகளான பியாங்கா மரியாவை மணந்தார். 1447 ஆகஸ்டில் ஆண் வாரிசின்றிக் கோமகன் இறந்தார். மிலான் மக்கள் கோமகன் ஆட்சியே இனி வேண்டாவென்று குடியரசை அறிவித்தனர். அக்குடியரசு தன் பாதுகாவலுக்கு ஸ்போர்ஸாவையே அமர்த்தியது. முடிவில் அவரே அந்நகரை முற்றுகையிட்டார். பசியால் வாடிய மக்கள் 1450இல் கதவைத் திறந்தனர். ஊதியத்துக்குப் போரிட வந்தவர் மிலானின் கோமகன் ஆனார்.

அவரைக் கோமகனாக ஏற்க வெனிஸ் மறுத்தது. மிலானின் நிலங்களில் வெனிஸுக்கு நெடுநாளாக ஒரு கண் இருந்தது. பிளாரென்ஸிலோ முதியவரான காஸிமோ டி மெடிசி வேறு கணக்கிட்டார். அதுகாறும் பிளாரென்ஸ் வெனிஸின் நண்பனாகவும் மிலானின் பகைவனாகவும் இருந்து வந்தது. மிலானை வெனிஸ் விழுங்கினால் அடுத்த கவளம் தம் நகரே என்பதைக் கண்ட காஸிமோ, பழைய நட்பை விடுத்து ஸ்போர்ஸாவுக்குப் பொருளுதவி செய்தார். 1452இல் வெனிஸும் நேபிள்ஸும் ஒருபுறமும் மிலானும் பிளாரென்ஸும் மறுபுறமுமாகப் போர் மூண்டது.

போர் தொடங்கி ஓராண்டு கடந்தும் எவருக்கும் வெற்றி கிட்டவில்லை; செலவு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. அந்நிலையில், 1453 மே 29 அன்று, துருக்கிச் சுல்தான் இரண்டாம் முகம்மது கான்ஸ்டாண்டிநோபிள் நகரைக் கைப்பற்றினார். ஒரு மாதம் கழித்து இச்செய்தி வெனிஸை எட்டியது. வெனிஸின் செல்வம் கீழைக் கடல் வாணிகத்தைச் சார்ந்தது. அந்த வாணிகத்துக்கே இடையூறு நேர்ந்திருக்கையில், மிலானின் வயல்வெளிகளில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருப்பது அறிவுடைமையாகாது என்பதை அந்நகர வணிகர்கள் உணர்ந்தனர். ஸ்போர்ஸாவுக்கும் போரைத் தொடரப் பணமில்லை. இருவருக்கும் ஓய்வு வேண்டியிருந்தது.

போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கலஸ் எல்லா அரசுகளையும் ரோமாபுரிக்கு அழைத்துச் சமாதான மாநாடு கூட்டினார். மாதக்கணக்கில் பேசியும் பயனில்லை. பலர் முன்னிலையில் பேசும்போது ஒவ்வொருவரும் தம் உரிமையை மிகுத்தே கேட்டனர். விட்டுக்கொடுத்தவர் என்ற பெயரெடுக்க ஒருவரும் விரும்பவில்லை. ஆனால் அதே காலத்தில், ஆரவாரமின்றி வேறொரு பேச்சும் நடந்துவந்தது. அகஸ்தீன் சபையைச் சேர்ந்த காமெரினோ ஊர் சிமோனே என்னும் துறவி, வெனிஸுக்கும் ஸ்போர்ஸாவின் இருப்பிடத்துக்கும் இடையே மறைவாகச் சென்று வந்துகொண்டிருந்தார். அவருக்குப் படையில்லை, பதவியில்லை. இருதரப்பும் வெளியில் சொல்லக் கூசிய செய்திகளைக் கேட்டுச் சென்று உரியவரிடம் சேர்ப்பித்தார். மாநாடு முடிக்காத காரியத்தை இந்தத் துறவியின் நடை முடித்து வைத்தது.

உடன்படிக்கையின் சாரம் எளிது. ஸ்போர்ஸாவை மிலான் கோமகனென வெனிஸ் ஏற்றுக்கொண்டது. பெர்காமோ, பிரெஷியா நகரங்களைச் சார்ந்த பகுதிகளில் தாம் பிடித்தவற்றை ஸ்போர்ஸா வெனிஸுக்குத் திருப்பிக் கொடுத்தார். கிரேமா என்னும் ஊரும் வெனிஸுக்கே உரியதாயிற்று. பெரும்பாலும் அட்டா ஆறே இரு நாடுகளுக்கும் எல்லையாயிற்று. ஒருவர் நிலத்தை விட்டார். மற்றவர் பிடிவாதத்தை விட்டார். உடன்படிக்கையான ஒன்பதாம் நாள், ஏப்ரல் 18 அன்று, வெனிஸ் துருக்கிச் சுல்தானோடும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. லோடியில் அது காட்டிய விரைவின் காரணம் அதனால் விளங்கும்.

இருவர் செய்த இவ்வுடன்படிக்கை ஐவரின் அமைதியாக விரிந்ததே இவ்வரலாற்றின் முக்கியப் பகுதி. 1454 ஆகஸ்டு 30 அன்று வெனிஸ் நகரில் மிலான், வெனிஸ், பிளாரென்ஸ் ஆகிய மூன்றும் கூடி 25 ஆண்டுகளுக்கு ஒரு கூட்டணி அமைத்தன. தம்மைக் கலந்துகொள்ளாமல் வெனிஸ் லோடியில் உடன்பட்டதனால் சினம் கொண்டிருந்த நேபிள்ஸ் மன்னர் அல்பான்ஸோ 1455 ஜனவரியில் அதில் சேர்ந்தார். போப்பாண்டவரும் அவ்வாண்டிலேயே இசைந்தார். ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றவை உதவிக்கு வர வேண்டும். எந்த நாடு எவ்வளவு படை வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. கூட்டணிக்குக் கேடு பயக்கும் தனி உறவு எவரும் கொள்ளலாகாது. சிற்றரசுகளும் பேரரசுகளின் சார்பில் இதில் இடம்பெற்றன. குறைகள் இல்லாமலில்லை. ஜெனோவா நகரையும் ரிமினி நகரின் தலைவரையும் இவ்வமைதியில் சேர்க்க அல்பான்ஸோ மறுத்துவிட்டார். ஆயினும் இத்தாலியின் ஐந்து பேரரசுகளும் ஒரே உடன்பாட்டில் கட்டுண்டது அதுவே முதன்முறை.

கட்டுண்டவர்கள் கட்டை அறுக்காமல் பார்த்துக்கொண்டது எது? இங்கேதான் தூதர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

தூது நமக்குப் புதிய செய்தியன்று. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் பண்டைத் தூதர் செய்தியுடன் செல்வார், சொல்வார், மறுமொழி பெற்று மீள்வார். ஐரோப்பாவிலும் அதுவே நெடுங்கால வழக்கம். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் வேரூன்றிய புதுமை யாதெனில், சென்ற தூதர் திரும்பாமல் அங்கேயே குடியிருந்ததுதான். இன்று எல்லாத் தலைநகரங்களிலும் காணும் அயல்நாட்டுத் தூதரகங்களுக்கு அதுவே வித்து. பொந்த்ரேமோலி என்னும் ஊரினரான நிக்கோடெமோ, ஸ்போர்ஸாவின் பிரதிநிதியாகப் பிளாரென்ஸில் சுமார் இருபது ஆண்டுகள் தங்கியிருந்தார். ஸ்போர்ஸா கோமகன் ஆவதற்கு முன்பே சென்றவர் அவர். காஸிமோவின் எண்ணத்தை மிலானுக்கும், மிலானின் எண்ணத்தைக் காஸிமோவுக்கும் அவர் அறிவித்து வந்தார். லோடிக்குப் பின் இம்முறை மற்ற அரசுகளிடையேயும் பரவியது.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஓர் ஊருக்கு ஒருநாள் வந்து செல்பவர் அறிவது வேறு. அங்கு வாடகைக்குக் குடியிருந்து, கடைக்காரரோடு பேசிப் பழகி, அவ்வூரின் நல்லது கெட்டதில் கலந்துகொள்பவர் அறிவது வேறு. அந்தத் தூதர்களின் பயனும் இத்தகையதே. எந்தப் படைத்தலைவனின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்தப் பிரபு நோயுற்றிருக்கிறார், எவர் வீட்டுப் பெண் எங்கே மணமாகப் போகிறாள் என்பவற்றையெல்லாம் அவர்கள் விடாமல் எழுதி அனுப்பினர். ஓர் அரசு படையைப் பெருக்கத் தொடங்கினால் ஏனையவற்றுக்கு விரைவில் தெரிந்துவிடும். தெரிந்ததும் அவை கூடிப் பேசும். வதந்தி எழுந்தால் உண்மையை விசாரிக்க ஆள் அங்கேயே இருந்தார். திடீர்த் தாக்குதலுக்கும் வீண் ஐயத்துக்கும் இடம் குறைந்தது.

மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிக்கும் நமக்கு இதில் மற்றொரு சுவையும் உண்டு. உடன்படிக்கைகள் லத்தீன் மொழியில் எழுதப்பட்டன. அது சட்டத்தின் மொழி, சாசனத்தின் மொழி. தூதர்களின் கடிதங்களோ பெரும்பாலும் மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதப்பட்டன. அமைதியை அறிவிக்க லத்தீன் போதுமானதாயிற்று. அதை நாள்தோறும் காக்க வீட்டு மொழியே வேண்டியிருந்தது. மிலானில் இக்கடிதங்களைப் பெற்று ஒழுங்குபடுத்திய செயலகத்துக்குத் தலைவர் சிக்கோ சிமொனேட்டா. பிறர் குழூஉக்குறியில் எழுதிய கடிதங்களைத் திறவுகோல் இல்லாமலே படிப்பது எப்படி என்று 1474இல் அவர் விதிகள் எழுதி வைத்தார். அமைதிக் காலத்திலும் ஒருவர் கடிதத்தை மற்றவர் படிக்க முயன்றனர் என்பது இதனால் பெறப்படும். அவர்களிடையே இருந்தது நட்பன்று. ஒருவரை ஒருவர் ஓயாமல் கவனித்துக்கொண்டிருந்த விழிப்பு. அந்த விழிப்பே அமைதிக்கு வேலியாயிற்று.

வேலிக்குச் சோதனைகள் வாராமலில்லை. 1478 ஏப்ரல் 26 அன்று பிளாரென்ஸ் பேராலயத்தில், வழிபாட்டின்போது, காஸிமோவின் பேரர்களான லொரென்ஸோவும் ஜூலியானோவும் தாக்கப்பட்டனர். ஜூலியானோ இறந்தார்; லொரென்ஸோ காயத்துடன் தப்பினார். இதனைத் தொடர்ந்து போப்பாண்டவரும் நேபிள்ஸ் மன்னரும் பிளாரென்ஸின்மீது போர் தொடுத்தனர். தோல்வி நெருங்கிய வேளையில், 1479 டிசம்பரில், லொரென்ஸோ தாமே புறப்பட்டுப் பகைவரான நேபிள்ஸ் மன்னர் பெரான்தேயின் அரண்மனைக்குச் சென்றார். உயிரோடு திரும்புவாரோ என்று ஊரார் அஞ்சினர். வாரக்கணக்கில் அங்கே தங்கிப் பேசினார். 1480 மார்ச்சில் சமாதானம் ஏற்பட்டது. 1482 முதல் 1484 வரை பெராரா நகரை முன்னிட்டு மற்றொரு போர் நிகழ்ந்தது. அதுவும் பேச்சில் முடிந்தது. தீ மூளாத காலமன்று அது. மூண்ட தீ ஊரெங்கும் பரவாமல் அணைக்கப்பட்ட காலம்.

அந்த நாற்பதாண்டுகளின் பயன்களை இன்றும் காணலாம். மிலானில் ஸ்போர்ஸா 1456இல் பெரிய மருத்துவமனை ஒன்றை நிறுவினார். சிதறிக் கிடந்த சிறு மருத்துவ நிலையங்களை ஒன்று சேர்க்கும் நோக்கம் அது. அக்கட்டிடம் இப்போது மிலான் பல்கலைக்கழகத்தின் இருப்பிடம். 1465இல் அச்சுத்தொழில் இத்தாலிக்கு வந்தது; விரைவில் வெனிஸ் ஐரோப்பாவின் பெரிய அச்சு நகரங்களுள் ஒன்றாயிற்று. பிளாரென்ஸில் ஓவியர் போத்திசெல்லி வாழ்ந்தார். 1452இல் பிறந்த லியனார்டோ டா வின்ஸி பிளாரென்ஸில் தொழில் கற்று, பின் பிழைப்புத் தேடி மிலானுக்குக் குடிபெயர்ந்தார். முன்பு பகை நாடுகளாக இருந்த இரு நகரங்களுக்கு இடையே ஒரு கலைஞர் இவ்வாறு வேலை தேடிச் செல்ல முடிந்தது. மறுமலர்ச்சி அமைதியால் மட்டுமே பிறந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் போருக்குப் போகாத பணமே கலைக்கும் கல்விக்கும் சென்றது என்பதில் ஐயமில்லை.

பின்னர் இவ்வமைதி குலைந்தது எப்படி? 1492 ஏப்ரலில் லொரென்ஸோ காலமானார். மிலானில் அப்போது பிரான்செஸ்கோ ஸ்போர்ஸாவின் இளைய மகன்களுள் ஒருவரான லூடவிக்கோ ஆண்டுகொண்டிருந்தார். சட்டப்படி கோமகன் அவரல்லர். அவருடைய அண்ணன் மகன். அந்த இளைஞரின் மனைவி நேபிள்ஸ் அரச குடும்பத்துப் பெண். தன் கணவருக்குரிய ஆட்சியைச் சிற்றப்பன் பிடித்து வைத்திருக்கிறார் என்று அவள் பிறந்தகத்துக்கு முறையிட்டாள். நேபிள்ஸின் சினத்துக்கு அஞ்சிய லூடவிக்கோ, அயலாரை அழைத்தார். நேபிள்ஸ் அரியணைமீது உரிமை கொண்டாடிக்கொண்டிருந்த பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸை இத்தாலிக்கு வருமாறு தூண்டினார்.

1494 செப்டம்பரில் சார்லஸ் பெரும்படையுடனும் வெண்கலப் பீரங்கிகளுடனும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார். 1495 பிப்ரவரியில் நேபிள்ஸ் நகருக்குள் புகுந்தார். இத்தாலி எவ்வளவு செல்வமுடையது, எவ்வளவு எளிதில் வெல்லத்தக்கது என்பதை ஐரோப்பா கண்டுகொண்டது. தம் தவற்றை உணர்ந்த லூடவிக்கோ சார்லஸுக்கு எதிரான அணியில் சேர்ந்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. அடுத்து வந்த பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயி, தம் பாட்டி மிலான் கோமகனின் மகள் என்று சொல்லி மிலானையே கேட்டார். 1499இல் அதைப் பிடித்தும்விட்டார். மறு ஆண்டு பிடிபட்ட லூடவிக்கோ பிரெஞ்சுச் சிறையிலேயே 1508இல் மாண்டார். அவர் திறந்து வைத்த வழியே பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் மாறி மாறி வந்து போரிட்டனர். 1559இல் போர்கள் ஓய்ந்தபோது மிலானும் நேபிள்ஸும் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தன.

இம்மாற்றத்தை ஒரு குதிரையின் கதை தெளிவாகக் காட்டும். லோடியில் அமைதி கண்ட பிரான்செஸ்கோ ஸ்போர்ஸாவுக்கு மிகப் பெரிய வெண்கலக் குதிரைச் சிலை ஒன்று அமைக்க லூடவிக்கோ விரும்பினார். பணியை லியனார்டோ ஏற்றார். களிமண்ணில் முழு அளவில் மாதிரி செய்து முடித்தார். வார்ப்பதற்கு வெண்கலமும் சேர்ந்தது. 1494இல் பிரெஞ்சுப் படை வந்ததும் அவ்வெண்கலம் பீரங்கி வார்க்க அனுப்பப்பட்டது. 1499இல் மிலானுக்குள் புகுந்த பிரெஞ்சு வில்லாளர்கள் களிமண் குதிரையைக் குறி வைத்து அம்பெய்து பழகினர். சிலை எழவேயில்லை.

இவ்வைந்து அரசுகளும் வலிமை இழந்ததனால் அமைதி குலையவில்லை. தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள நாற்பதாண்டுக் காலம் ஒரு வழி இருந்தது. வீட்டுச் சச்சரவு ஒன்றை முன்னிட்டு அவர்களில் ஒருவர் அவ்வழியை விடுத்தார். லோடியில் இட்ட கையெழுத்து அமைதியைத் தொடங்கி வைத்தது. அதை வளர்த்தவர்கள் புகழ் பெறாத பலர். இரகசியமாக நடந்த துறவி, அயலூரில் முதுமை அடைந்த தூதர், விளக்கடியில் கடிதம் பகுத்த எழுத்தர் ஆகியோர் அவர்கள். அவர்கள் எழுதியவற்றில் பல்லாயிரம் கடிதங்கள் மிலான் அரசு ஆவணக் களரியிலும் பாரிஸ் தேசிய நூலகத்திலும் இன்றும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வீரச் செயல் எதுவும் இல்லை. இன்னார் வந்தார், இன்னது கேட்டார், இவ்வாறு மறுமொழி சொன்னோம் என்பனவே அவற்றில் காணும் செய்திகள். நாற்பது ஆண்டு அமைதி நடந்தேறியது அத்தகைய கடிதங்களால்தான்.